கேள்வி புரியாதபோது கை எங்கே இருக்க வேண்டும்

அவர் செத்த மறுநாள் கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மூன்று வரி. இருபத்திரண்டு வருடம் விபத்தே இல்லாமல் கிரேன் ஓட்டியவர். ஐம்பத்து மூன்று வயதில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறி மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தவர். பிறகு சொந்த விருப்பத்தின் பேரில் தரை வேலைக்கு மாறிக்கொண்டவர்.

மூன்று வரியும் பொய். முதல் வரி ஒரு விபத்தை விழுங்கிவிட்டது. இரண்டாம் வரி, அந்த விபத்து எங்கிருந்து வந்தது என்பதைப் பெருமையாக மாற்றிவிட்டது. மூன்றாம் வரியை எழுதியவர், அவரைக் கீழே இறக்கிய அதே ஆள். நடந்தது வேறு.

யார்டில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘ஸ்டாப்பு’ என்பார்கள். வயதில் சின்னவர்கள் ‘ஸ்டாப்பண்ணே’ என்பார்கள். இரும்புக் குழாய்களைக் கட்டுக்கட்டாக ஏற்றி இறக்கும் யார்டு அது. தண்டவாளத்தின்மேல் இரண்டு கால் வைத்து நகரும் பெரிய கிரேன். தரையிலிருந்து நாற்பத்திரண்டு படி ஏறினால் கண்ணாடி அறை. அதற்குள் ஒரு இருக்கை. இருக்கையின் பஞ்சு பிய்ந்துபோய், சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தார். இடது கைக்கு ஒரு லீவர், வலது கைக்கு ஒரு லீவர். கையை எடுத்தால் இரண்டும் தாமாக நடுவுக்கு வந்து நிற்கும். நடுவுக்கு வந்தால் தொங்கும் பாரமும் நிற்கும்.

கீழேயிருந்து கை சைகை தெளிவாக வந்தால் ஓட்டுவார். கொஞ்சம் குழம்பினாலும் இரண்டு கையையும் லீவரிலிருந்து எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொள்வார். கண்ணாடி வழியே கீழே இருப்பவர்களுக்கு அது தெரியும். கை முழங்கால்மேல் போனால் அர்த்தம் ஒன்றுதான்: புரியவில்லை, மறுபடி காட்டு. கீழே இருப்பவர் மறுபடி, மெதுவாகக் காட்டுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கிண்டல் மட்டும் செய்வார்கள்.

“ஏண்ணே, கொக்கியில ஒரு ஈ உட்கார்ந்தாக்கூட நிறுத்திடுவீங்களா?” என்று கேட்டான் ஒருவன், டீ நேரத்தில்.

“அது என்ன சைகை காட்டுதுன்னு எனக்குத் தெரியலையேப்பா” என்றார்.

பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவருக்கு வருத்தமில்லை. இருபத்துநான்கு வயதில் வேறொரு யார்டில் அவர் தரையாளாக இருந்தபோது, மேலே இருந்தவன் ஒரு சைகையைத் தானாக யூகித்துக்கொண்டான். இறங்கிய குழாய்க்கட்டு இவருக்கு இரண்டு அடி தள்ளி நின்றவனை மண்ணோடு அழுத்தியது. இறந்தவனுடைய செருப்பை இவர்தான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கடவுள்மேல் இருந்த பயத்தைவிட யூகத்தின்மேல் இருந்த பயம் அதிகம்.

அவருக்குக் கீழே பதினேழு வருடமாகக் கொக்கி மாட்டியவரை எல்லாரும் ‘கொக்கி’ என்றார்கள். ஒல்லி. வாய் மட்டும் ஓயாது. அவர் காட்டும் சைகைகள் அச்சடித்த மாதிரி இருக்கும். பாரம் இறங்கும்போது கொக்கி தலையைத் தூக்கி மேலே பார்க்கவே மாட்டார். ஏன் பார்ப்பதில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, அதுதான் மேலே ஸ்டாப்பு இருக்காரே, நான் எதுக்குக் கழுத்து வலிக்கப் பார்க்கணும் என்றாராம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் நிர்வாகம் மாறியது. கூடவே ஒரு புதிய அதிகாரி வந்தார். வெயிலிலும் கழுத்துப்பட்டையைக் கழற்ற மாட்டார் என்பதால் ‘டை’ என்று பெயர் வைத்தார்கள். டை எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். இனி வெளிநாட்டு வாடிக்கையாளரின் மேற்பார்வையாளர்கள் யார்டில் நிற்பார்கள். அவர்கள் வாக்கிடாக்கியில் ஆங்கிலத்தில் பேசுவார்கள். கை சைகை பழங்கதை. கிரேனில் உட்காரும் ஒவ்வொருவரும் ஒரு வருடத்துக்குள் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஒன்பதுக்கு ஆறு மதிப்பெண் எடுத்த சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இரண்டு வாய்ப்பு. தவறினால் தரைக்கு இறங்க வேண்டும்.

தேர்வு கிரேனைப் பற்றியது அல்ல. பாரம், உயரம், இடம், வலம், நில், இறக்கு என்ற எதைப் பற்றியதும் அல்ல. எங்கோ ஒரு ஊரில், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்காக யாரோ தயாரித்த பொதுத் தேர்வு. எது மலிவாகக் கிடைத்ததோ அதை எடுத்து மாட்டிவிட்டார்கள். அளவுகோல் இல்லாமல் குழாயின் விட்டத்தைத் தராசில் நிறுத்துப் பார்க்கிற வேலை. படித்த அதிகாரிகள் அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

ஸ்டாப்பு அன்று வீட்டுக்கு வந்து கையைக் காலைக் கழுவிக்கொண்டு, சீட் போயிடும்போல இருக்கு என்று மட்டும் சொன்னார். அவர் மனைவிக்கு அது போதும். அவருக்கு அந்த இருக்கை என்ன என்று அவளுக்குத் தெரியும். கீழே அவர் கூச்சப்படுகிற மனிதர். கல்யாண வீட்டில் மூலையில் நிற்பார். வங்கியில் படிவத்தை நீட்டும்போது குரல் உள்ளே போய்விடும். நாற்பத்திரண்டு படி ஏறிவிட்டால்தான் முதுகு நிமிரும். மோட்டாரின் உறுமலைக் கேட்டே பாரம் நாலு டன்னா ஐந்து டன்னா என்று சொல்லிவிடுவார். அந்த இடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அவள் மகளுக்குப் போன் போட்டாள்.

மகள் வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிப் பிரிவில் வேலை பார்த்தாள். அழுத்தம், வெப்பம், ஓட்டம் எல்லாவற்றுக்கும் உணர்கருவி பொருத்துகிற வேலை. சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தாள். இது ஒரு சிஸ்டம்ப்பா, உள்ளே என்ன போகுது, வெளியே என்ன வரணும்னு பார்த்தா போதும் என்றாள். அடிக்கடி வரும் கேள்விகள் நூற்றிருபதைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரிப் பதில் எழுதி, தமிழ் எழுத்திலேயே அச்சடித்துக் கொடுத்தாள். உங்கள் வீடு எப்படி இருக்கும். உங்கள் வேலை என்ன. குடும்பத்தில் யார் யார். காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்.

அவர் சவரம் செய்துகொண்டே சொல்லிப் பார்த்தார். பஸ்ஸில் உதடு அசைந்தது. சாப்பிடும்போது மனைவி தாளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள், எழுத்துக்கூட்டி. அவர் தன் குடும்பம் எவ்வளவு மகிழ்ச்சியானது என்று ஆங்கிலத்தில் சொல்வார்.

“முப்பது வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை இப்படிச் சொன்னதில்லை. முகம் தெரியாத ஆளுகிட்டப் போய் சொல்லப் போறீங்க” என்றாள் அவள்.

முதல் தேர்வு ஒரு குளிரூட்டிய சின்ன அறையில் நடந்தது. மேசை, குரல் பதிவுக் கருவி, எதிரே ஒரு அம்மாள். வீட்டைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னார். வேலையைப் பற்றிக் கேட்டார்கள், நன்றாகவே சொன்னார். மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தது. உங்கள் ஊரில் ஒரு அருங்காட்சியகம் அமைக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால் அதில் என்னென்ன வைப்பீர்கள், ஏன்?

நூற்றிருபதில் அது இல்லை. மியூசியம் என்ற சொல் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அப்படி ஒரு இடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. யாரும் அவரிடம் எதையும் அமைக்கச் சொன்னதில்லை. தெரியாத சைகை. இரண்டு கையும் மேசையிலிருந்து எழுந்து முழங்கால்மேல் போய் உட்கார்ந்தன. அந்த அம்மாள் மறுபடி, மெதுவாகக் கேட்பார் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. நாற்பது நொடி போனது. பிறகு அதே அருங்காட்சியகத்தைப் பற்றி இன்னொரு கேள்வி வந்தது. அதற்கடுத்தும் ஒன்று. அவர் கையை எடுக்கவேயில்லை.

ஐந்தரை போட்டார்கள். அரை மதிப்பெண் குறைவு.

“கையை வெச்சேன். அந்தம்மா திரும்பச் சொல்லவே இல்லை” என்றார் மகளிடம், போனில். புகார் சொல்லும் குரல் இல்லை. நிஜமாகவே அவருக்கு அது புரியவில்லை. கை முழங்காலுக்குப் போன பிறகும் பாரத்தை நகர்த்துகிற ஆட்களை அவர் அதுவரை பார்த்ததில்லை.

“அப்பா, அங்க உங்க கையை யாரும் பார்க்க மாட்டாங்க” என்றாள் மகள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது ஒரு படம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நாலு கட்டம், அவற்றை இணைக்கும் அம்புக்குறிகள். கேள்வி தெரிந்ததா? ஆம் என்றால் பதில். இல்லை என்றால் முதலில் ஒரு நேரம் கடத்தும் வாக்கியம்: நல்ல கேள்வி, இதைப் பற்றி நான் யோசித்ததில்லை, ஆமாம் கண்டிப்பாக. அடுத்து, கேள்வியில் வந்த சொற்களையே எடுத்துத் திருப்பிப் போடுவது. அடுத்து, ஒரு உதாரணம். உதாரணம் நடந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கடைசியில் ஒரு முடிவு. எந்த இடத்திலும் இரண்டு நொடிக்கு மேல் மௌனம் கூடாது.

அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல நிறுத்துற கட்டம் எங்க?”

“இல்லப்பா.”

“எனக்குத் தெரியாதுன்னு சொன்னா?”

“நாலுக்கு மேல போட மாட்டாங்க.”

“நடக்காததை நடந்ததுன்னு சொன்னா?”

“நல்ல இலக்கணத்தோட சொன்னா ஏழு வரைக்கும் போடுவாங்க.”

அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு இது வேலை. ஒரு அமைப்பு எதற்கு மதிப்பெண் தருகிறதோ அதைக் கொடு; அமைப்பு சரியா என்று கேட்டுக்கொண்டிருந்தால் கெடு தாண்டிவிடும். அவளுடைய தொழிற்சாலையில் ஒரு உணர்கருவி தப்பான எண்ணைக் காட்டினால் அதை அன்றே கழற்றி எறிவாள். இந்தத் தேர்வு தப்பான எண்ணைக் காட்டுகிறது என்பது அவளுக்கு அப்போதே தெரியும். கழற்றுகிற அதிகாரம் அவளிடம் இல்லை. ஆகவே அப்பாவைத் திருகிச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

ஐந்து மாதம். சனி மாலை, ஞாயிறு காலை. சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். அவள் கையில் ஒரு கரண்டி. வாயில் வந்த கேள்வியைக் கேட்பாள். மழைக்கும் இசைக்கும் என்ன தொடர்பு. தனியாகப் பயணம் போவது நல்லதா. விலங்குகளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டா. இரண்டு நொடி தாண்டினால் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். முதல் மாதம் ஓயாமல் தட்டினாள். கேள்வி புரியாதபோதெல்லாம் அவர் கை தானாக முழங்காலுக்கு இறங்கியது.

“கையை மேசைமேல வைங்கப்பா. பேசும்போது கை அசையணும். கை நின்னா வாயும் நின்னுடுது, பாருங்க.”

அதையும் கண்டுபிடித்தது அவள்தான். கையும் வாயும் ஒரே கம்பியில் இருக்கின்றன. கையை ஓட விட்டால் வாயும் ஓடும். கெட்டிக்காரி.

ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. தெரியாததைத் தெரியும் என்று சொல்வதற்கு ஒருவன் ஐந்து மாதம் பழக வேண்டுமா என்று கேட்டார். அவளும் கத்தினாள். சீட் வேணுமா வேணாமா, வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்து மேசைமேல் வைத்தார். நாலாம் மாதத்தில் கரண்டிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இரண்டாம் தேர்வில், நண்பர்களுடனோ உறவினருடனோ போன ஒரு படகுப் பயணத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். அவர் படகில் ஏறியதே இல்லை. “வாட் அன் இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்” என்று ஆரம்பித்தார். தம்பியோடு கடலுக்குப் போனதாகச் சொன்னார். தம்பி பயந்ததாக, இவர் தைரியம் சொன்னதாக, கரையில் இருவரும் சிரித்ததாகச் சொன்னார். அவர் வீட்டில் ஒரே பிள்ளை.

ஆறரை.

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டார். குரல் ஒருமாதிரி இருந்தது.

“எனக்கு இல்லாத தம்பியைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டேம்மா. அவனுக்கு ஒண்ணும் ஆகலை.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டை அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். யார்டில் சான்றிதழ் வாங்கியவர்களிலேயே மூத்தவர் இவர் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் போனது. கொக்கி அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, இனிமே ஸ்டாப்புன்னு கூப்பிட்டா கோச்சுக்குவார், மிஸ்டர் ஸ்டாப்புன்னு கூப்பிடுங்க என்றார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால்.

ட்ரெய்லர்மேல் குழாய்க்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கொக்கி ட்ரெய்லரில் நின்று, குழாய் உருளாமல் இருக்க மரக்கட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாடிக்கையாளரின் மேற்பார்வையாளர் கீழே வாக்கிடாக்கியோடு நின்றார். கட்டு இன்னும் ஒரு ஆள் உயரம் இருக்கும்போது அவர் எதையோ சொன்னார். நீளமான வாக்கியம், வேகமாக, கடைசியில் கேள்வி மாதிரி தூக்கி முடித்தார். அந்த ஆளின் கால் இன்னும் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கேயே நிறுத்தி வைக்கிறாயா அல்லது கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துகிறாயா என்று கேட்டிருக்கிறார். பிறகு பதிவைப் போட்டுக் காட்டியபோதுதான் இது தெரிந்தது.

கேபினுக்குள் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியாத சைகை. இருபத்திரண்டு வருடம் இந்த இடத்தில் கை எங்கே போனதோ, அங்கே போகவில்லை. வாய்தான் முந்தியது.

“யெஸ், ஆஃப் கோர்ஸ். தட்ஸ் எ வெரி குட் ஐடியா.”

இரண்டு நொடிக்குள். நல்ல இலக்கணத்தோடு. வாய் ஓடியதால் கையும் ஓடியது. பாரத்தை இறக்கும் வலது லீவர் முன்னால் சாய்ந்தபடியே இருந்தது. மேற்பார்வையாளர் நல்ல ஐடியா என்ற பதிலைக் கேட்டுவிட்டு, சரி, பார்த்துக்கொள்வார் என்று திரும்பிக்கொண்டார். கொக்கி வழக்கம்போல மேலே பார்க்கவில்லை.

கொக்கியின் வலது பாதம். மூன்று விரலும் பாதத்தின் முன்பாதி எலும்பும் போயின.

இரண்டாம் நாள் ஸ்டாப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார். கொக்கியின் மனைவி எழுந்து அவருக்கு ஸ்டூலைக் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. கொக்கி வலிக்கு மருந்து கொடுத்த மயக்கத்தில் இருந்தார். வாய் மட்டும் அப்போதும் ஓயவில்லை, தையல் பிரித்த பிறகு செருப்புக் கடைக்காரன் ஒரு ஜோடியைப் பாதி விலைக்குத் தருவானா என்று கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“நீங்க நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேண்ணே.”

விசாரணைக்கு முந்தைய நாள் டை அவரைத் தனியாகக் கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார். அறிக்கை தயாராகிவிட்டது. மேற்பார்வையாளர் எச்சரித்திருக்கிறார், ஓட்டுநர் ஆங்கிலத்தில் தெளிவாக ஒப்புக்கொண்டிருக்கிறார், இரண்டும் பதிவில் இருக்கிறது. ஆகவே தகவல் தொடர்பில் குறையில்லை. கால் வைக்கக் கூடாத இடத்தில் கால் வைத்தது தொழிலாளியின் அலட்சியம். அவர்மேல் நடவடிக்கை, வேலைநீக்கம். புதிய திட்டத்துக்கு ஒரு கெட்ட பெயரும் வராது.

“நீங்க எதுவும் பேச வேண்டாம் ஸ்டாப்பு. கேட்டா யெஸ்னு மட்டும் சொல்லுங்க. உங்க சீட்டுக்கு நான் பொறுப்பு.”

அவர் அன்று வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மகளுக்குப் போன் போடவும் இல்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.

விசாரணை அறையில் மூன்று பேர். டை, பாதுகாப்பு அதிகாரி, வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு வெளிநாட்டுக்காரர். மேசைமேல் தண்ணீர் பாட்டில்கள், திறக்காதவை. பதிவைப் போட்டார்கள். அவர் தன் குரலைக் கேட்டார். படகில் போய்வந்த குரல் அது. இல்லாத தம்பிக்குத் தைரியம் சொன்ன குரல்.

வெளிநாட்டுக்காரர் அவரைப் பார்த்துக் கேட்டார், மெதுவாகத்தான். மேற்பார்வையாளர் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா?

டை இவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“நோ. ஐ நாட் அண்டர்ஸ்டாண்ட்” என்றார்.

டை குறுக்கிட்டார். இவரிடம் ஆறரைச் சான்றிதழ் இருக்கிறது, பதற்றத்தில் பேசுகிறார் என்று விளக்கினார். வெளிநாட்டுக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டார். புரியவில்லை என்றால் ஏன் ஆமாம் என்று சொன்னீர்கள்?

இது நூற்றிருபதில் இல்லை. நாலு கட்டத்திலும் இல்லை. யாரும் கரண்டியால் தட்டிக் கேட்காத கேள்வி. மேசைமேல் இருந்த இரண்டு கையும் மெதுவாக இறங்கி முழங்கால்மேல் போயின. பாதுகாப்பு அதிகாரி தொண்டையைச் செருமினார். டை பேனாவைத் திறந்து மூடினார். அவர் அவசரப்படவில்லை. சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“பிகாஸ்... ஃபார் தட், யூ கிவ் மீ பாஸ்.”

பிறகு டையின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“புரியாதப்போ பேசினாத்தான் மேல உட்காரலாம்னு சொன்னீங்க. பேசினேன். முன்னாடி மாதிரி பேசாம இருந்திருந்தா அவன் கால் இருந்திருக்கும். அதையும் எழுதிக்கோங்க.”

அவர் என்ன சொல்கிறார் என்று வெளிநாட்டுக்காரர் கேட்டார். டை மொழிபெயர்த்தார். மிகவும் வருத்தப்படுகிறார் என்று.

அறிக்கையை மாற்றினார்கள். ஓட்டுநர் தானே ஒப்புக்கொண்ட பிறகு கொக்கிமேல் பழி போட முடியவில்லை. கொக்கியின் பெயர் நீங்கியது. சிகிச்சையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கருவி அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. அவ்வளவும் நல்லது. காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினார்கள்: ஓட்டுநரின் ஆங்கிலத் திறன் போதாமை. ஆறரை கொடுத்த தேர்வைப் பற்றி ஒரு வரி இல்லை. சைகையை எடுத்துவிட்ட முடிவைப் பற்றி ஒரு வரி இல்லை. இனி எல்லா ஓட்டுநர்களுக்கும் ஏழு மதிப்பெண் வேண்டும் என்று பரிந்துரை செய்தார்கள். நோய் முற்றிவிட்டது, மருந்தை இரண்டு மடங்காக்கு என்கிற மாதிரி. மருந்துதான் நோய் என்று அந்த மனிதர் முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகும்.

அவரைத் தரை வேலைக்கு மாற்றும் உத்தரவில் டை கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை அவர் கடைசியாக மேலே ஏறி, இருக்கையில் சுற்றியிருந்த சைக்கிள் டியூபைப் பார்த்தார். பிய்க்காமல் விட்டுவிட்டார். அடுத்து உட்காருகிறவனுக்கு முதுகு வலிக்கும். நாற்பத்திரண்டு படி இறங்கினார்.

சனிக்கிழமை மகள் வந்தாள். அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அதே சமையலறை மேசை. அவள் வழியெல்லாம் டையைத் திட்டிக்கொண்டு வந்தாள், தேர்வு நடத்துகிறவர்களைத் திட்டிக்கொண்டு வந்தாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் திட்டுகள் தீர்ந்துவிட்டன.

“கையை மேசைமேல வைக்கச் சொன்னது நான்தானேப்பா.”

அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவளை ஆறுதல்படுத்த ஒரு பொய் போதும். ஐந்து மாதம் பழகியவர், இரண்டு நொடியில் வந்திருக்கும். சொல்லவில்லை. கை முழங்கால்மேல் இருந்தது. கடைசியில், நீ போட்ட படம் நல்ல படம்தான், ஒரு கட்டம் குறைஞ்சிடுச்சு என்றார். பிறகு, வெயில் தாழ ஒரு பஸ் இருக்கு, அதுல போ, கூட்டம் இருக்காது என்றார்.

பத்து மாதம் தரையில் வேலை பார்த்தார். பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாகக் குழாய்களின் முனையில் எண் எழுதுகிற வேலை. மதியம் கருவி அறைக்குப் போய்க் கொக்கியோடு சாப்பிடுவார். கொக்கி பேசுவார், இவர் கேட்பார். மேலே பாரம் நகரும்போது மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மோட்டார் சத்தத்தைக் கேட்பார். ஒரு திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு என்ன செய்கிறது என்று பக்கத்தில் நின்றவர் கேட்டிருக்கிறார். தெரியலைங்க என்று சொன்னாராம்.

பலகையில் ஒட்டிய மூன்று வரித் தாளைக் கொக்கிதான் கிழித்தார். கருவி அறையிலிருந்து அதுவரைக்கும் நடந்து போவது அவருக்குச் சுலபமில்லை.

எட்டு மாதம் போனது. வீட்டு முகவரிக்கு அவர் பெயரில் ஒரு கடிதம் வந்தது, தேர்வு மையத்திலிருந்து. அன்புள்ள தேர்வர், உங்கள் ஆறரை மதிப்பெண் சான்றிதழ் அறுபது நாளில் காலாவதியாகிறது. புதுப்பிக்கப் பேச்சுத் தேர்வுக்கு இன்றே பதிவு செய்யுங்கள். பழக்கமில்லாத கேள்விகளைத் தயக்கமில்லாமல் எதிர்கொள்ள எங்கள் சிறப்புப் பயிற்சியும் உண்டு. கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது.

சான்றிதழுக்கு இன்னும் அறுபது நாள் உயிர் இருந்தது.

மகள் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். இவர் இனி தேர்வு எழுத மாட்டார், பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். மறுமுனையில் இளம்பெண் ஒருத்தி, மரியாதையான ஆங்கிலம். தேர்வு எண்ணைக் கேட்டாள், பிறந்த தேதியைக் கேட்டாள், எல்லாவற்றையும் சரிபார்த்தாள். பிறகு, படிவத்தில் ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கேட்டாள்.

“மே ஐ நோ த ரீசன், மேடம்?”

காரணம். மகளின் நாக்கு நுனிக்கு ஒரு வாக்கியம் வந்து நின்றது. நல்ல கேள்வி, இதைப் பற்றி நான் யோசித்ததில்லை. அவளே எழுதியது. அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு கையையும் எடுத்து முழங்கால்மேல் வைத்தாள்.

ஹலோ, லைனில் இருக்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். மறுபடி கேட்டாள். பத்து நொடி, இருபது நொடி, நாற்பது நொடி. பிறகு விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. பதில் இல்லை என்று போட்டிருப்பாள்.

போடட்டும்.